வளவில் பிறந்த கிடாய்

ஆட்டைப் பின்னால் நின்று பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. பின்னங்கால் இரண்டும் அகன்று நிற்கிறதா, நடக்கும்போது ஒன்றோடொன்று உரசுகிறதா, குளம்புக்கு மேலே உள்ள கணு நிமிர்ந்து இருக்கிறதா அல்லது தரையில் படிகிறதா, இவ்வளவையும் பார்த்த பிறகுதான் முன்னால் போய் முகத்தைப் பார்ப்பேன். என் கணவர் முகத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிடுவார். கல்முனை பஜாரில் ஒரு துணிக்கடையில் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவர் அவர். நிறம்தான் அவருக்குச் சோறு போட்டது.

அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. எங்கள் ஊரே அப்படித்தான். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், "பிள்ளை நல்ல பிள்ளை, நிறம்தான் கொஞ்சம்..." என்று இழுத்துவிட்டுத் தேத்தண்ணியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் போவார்கள். அவர்கள் போன பிறகு நான் கோப்பை கழுவுகிற சத்தம் அடுத்த வளவு வரைக்கும் கேட்கும். இவர் மட்டும் எப்படிச் சம்மதித்தார் என்று கலியாணம் முடிந்து கனகாலத்துக்குப் பிறகு கேட்டேன். "வீடு நல்ல வீடு" என்றார். எங்கள் பக்கம் பெண்ணுக்குத்தான் வீடு. மாப்பிள்ளை வந்து குடியிருக்க வேண்டும். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன், ஆனால் மறக்கவில்லை.

அந்த நல்ல வீடு கல்முனைக்குடியில் கடற்கரைப் பக்கம் இருந்தது. சுனாமி வந்த காலையில் நான் அங்கே இல்லை. வயல் பக்கம் உம்மா எனக்கு எழுதித் தந்த வெறும் வளவு ஒன்று, வீடில்லாத காணி, கிடந்தது. அங்கே புல் நல்லது என்று ஒரு பெட்டை ஆட்டை மட்டும் கொண்டுபோய்க் கட்டப் போயிருந்தேன். மற்ற ஆடுகளும் உம்மாவும் ஆறு வயது மகளும் வீட்டில், இவர் பஜாரில். கடல் வந்ததை நான் பார்க்கவில்லை, சனம் ஓடி வந்ததைத்தான் பார்த்தேன். ஆடு கட்டப் போன ஒரு காரியத்தால் நான் இருக்கிறேன், என் உம்மா இல்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம்தான் வரும், யார் மேல் என்று தெரியாத ஆத்திரம்.

மகள் கிடைத்தாள். யாரோ அவளை ஒரு வேலியில் இருந்து பிடுங்கி எடுத்து ஆஸ்பத்திரியில் போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் எங்களைத் தங்க வைத்திருந்த இடத்துக்கு நாங்கள் அவளைத் தூக்கி வந்த பிறகு, அவள் கண் திறந்து தண்ணீர் கேட்டபோது, என் கணவர் அவ்வளவு சனத்துக்கும் நடுவில் இரண்டு கையையும் ஏந்திச் சத்தமாகச் சொன்னார்: "யா அல்லாஹ், எண்ட பிள்ளையத் திருப்பித் தந்தாய். எங்கட வளவுல பிறந்த கிடாய் ஒண்டு, ஹஜ்ஜுப் பெருநாளைக்கு உனக்காகக் குர்பான் குடுப்பன். இது நேர்ச்சை."

பக்கத்தில் இருந்தவர்கள் ஆமீன் சொன்னார்கள். நான் அழுதுகொண்டே அவருடைய முழங்கையைக் கிள்ளினேன். சும்மா ஒரு கிடாய் என்று சொல்லியிருக்கலாம். எங்கேயாவது வாங்கிக் கொடுத்திருக்கலாம். வளவில் பிறந்த கிடாய் என்று வாய்விட்டுச் சொன்னால் வளவில் பிறந்த கிடாய்தான். எங்கள் மார்க்கச் சட்டத்தில் குர்பானாக அறுத்துக் கொடுக்கிற ஆட்டுக்கு இரண்டு வயது நிறைந்திருக்க வேண்டும். நொண்டி, குருடு, நோய், எலும்பும் தோலுமான மெலிவு ஒன்றும் கூடாது. அதுவும் நேர்ந்தது என்றால் ஒரு துண்டு இறைச்சியும் எங்கள் வீட்டில் வேகக் கூடாது, முழுவதும் பிறருக்குத்தான். வளவில் ஒரு கொட்டில்கூட இல்லாத நேரத்தில் மனிதன் இவ்வளவையும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்.

"வேற மாதிரிச் சொல்லியிரிக்கலாமே" என்றேன்.

"வாயில வந்தது அதுதான். நான் என்ன செய்ய?"

உயிர் தப்பிய அந்தப் பெட்டை ஆடு ஒரு சேற்று நிறம். ஒரு காது கிழிந்தது. பார்க்கிறவர்கள் "பாவம்" என்று சொல்வார்கள். ஆனால் முதுகு நேராக, நெஞ்சு அகலமாக, நான்கு காலும் நான்கு மூலையில் ஊன்றி நிற்கும். மடி தொங்காது. வயல் வரப்பில் நாள் முழுக்க நடந்துவிட்டு வந்தாலும் கால் வீங்காது. அதை வைத்துத்தான் நாங்கள் வயல் பக்கத்து வளவில் பலகைக் கொட்டில் போட்டுக் குடியேறினோம். கடற்கரைப் பக்கம் திரும்ப வீடு கட்ட விடமாட்டோம் என்று அரசாங்கத்தில் சொல்லிவிட்டார்கள். விட்டிருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன்.

அடுத்த வருடம் நிவாரணத்தில் ஆடு கொடுத்தார்கள். குடும்பத்துக்கு ஒரு பெட்டை, விரும்பியதைப் பிடித்துக்கொள்ளலாம். மைதானத்தில் கட்டியிருந்த ஆடுகளுக்குப் பின்னால் நான் குனிந்து குனிந்து நடந்துகொண்டிருந்தேன். அதற்குள் இவர் ஒன்றின் கயிற்றைப் பிடித்துவிட்டார். பால் வெள்ளை, கண்ணைச் சுற்றிக் கறுப்பு, வாய் கறுப்பு, நான்கு காலும் முழங்கால் வரைக்கும் கறுப்பு. குர்பானுக்கு இந்த நிறம்தான் சிறப்பு என்று ஊரில் எல்லோருக்கும் ஒரு நினைப்பு. அதைப் பார்த்ததும் இவருடைய முகம் பெருநாள் பிறை கண்டதுபோல் ஆகிவிட்டது.

"பின்னங்காலப் பாருங்க" என்றேன். "கம்பு நட்ட மாதிரி நிக்கிது. கணு கீழ இறங்கியிரிக்கி."

"என்ன பிள்ள, ஆட்டுக் காலையா திங்கிற? நிறத்தப் பாரு."

ஆடு கொடுத்துக்கொண்டிருந்த ஆட்கள் சிரித்தார்கள். வரும் வழியெல்லாம் அந்த வெள்ளை ஆடு நடந்த விதத்தைப் பின்னால் வந்து பார்த்தேன். பின்னங்கால்கள் மடங்க மறுத்தன. ஒவ்வொரு அடிக்கும் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்து எழும்பியது.

வெள்ளையாட்டுக்கு ஏற்ற கிடாய் ஒன்று அக்கரைப்பற்றில் இருப்பதாக அறிந்து இவர் ஆட்டை அங்கே கூட்டிக்கொண்டு போனார். அந்தக் கிடாயும் வெள்ளையும் கறுப்பும்தான். திரும்பி வந்து அதன் நிறத்தைப் பற்றி இரண்டு நாள் கதைத்தார். கால் எப்படி என்று நான் கேட்டதற்குக் கொம்பைப் பற்றிச் சொன்னார். முதல் ஈற்றில் பெட்டைக்குட்டி ஒன்று பிறந்து செத்தது. என்னுடைய சேற்று நிறத்தாட்டை எங்கள் ஒழுங்கைச் சந்தில் திரிந்த ஏதோ ஒரு கிடாய்க்கு விட்டேன், அதற்கும் இரண்டு பெட்டைக்குட்டிகள். கிடாய் பிறக்கவில்லை. ஹஜ்ஜுப் பெருநாள்கள் வந்து போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு பெருநாளிலும் தொழுதுவிட்டு வந்து இவர் கொட்டில் வாசலில் குந்தியிருந்து மகளையே பார்த்துக்கொண்டிருப்பார். கடன்காரன் முகம் அது. எனக்கு அதைப் பார்க்க எரிச்சலாகவும் இருக்கும், பாவமாகவும் இருக்கும்.

இரண்டாம் ஈற்றுக்கு என் ஆட்டை நல்ல கிடாய்க்கு விட வேண்டும் என்று முடிவு செய்தேன். காரைதீவில் ஒரு தமிழ் அக்கா வைத்திருந்த கிடாயைப் பல தடவை பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறேன். நிறம் என்று சொல்ல ஒன்றுமில்லை, மண்ணும் சாம்பலும் கலந்த ஒன்று. ஆனால் வீதி ஓரத்தில் அது நிற்கிற நிலையைப் பார்த்து ஒருநாள் பஸ்ஸை விட்டு இறங்கியே விட்டேன். அந்த அக்காவோடு கதைத்து, ஆடு பருவத்துக்கு வந்து கத்துகிற நாளில் கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆடு கத்திய நாள் ஹர்த்தால். கடைகள் எல்லாம் பூட்டு, பஸ் இல்லை. முதல் நாள் எங்கோ யாரையோ சுட்டிருந்தார்கள். தமிழ் ஊரில் இருந்து முஸ்லிம் ஊருக்கும், முஸ்லிம் ஊரில் இருந்து தமிழ் ஊருக்கும் ஒருவரும் கால் வைக்காத நாள் அது. தெற்கே காட்டுப் பக்கம் ஷெல் விழுகிற சத்தம் வேறு. ஆடு வாலை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டே இருந்தது. இன்றைக்கு விட்டால் இன்னும் மூன்று கிழமை காத்திருக்க வேண்டும், அதற்குள் இன்னும் என்னென்ன நடக்குமோ.

"இண்டைக்குப் போகாத" என்றார் இவர். "ஒரு ஆட்டுக்காக மௌத்தாகப் போறியா?"

"உங்கட நேர்ச்சைக்கும் கிடாய் வேணும்தானே?"

"அதுக்கு வெள்ளையாடு சினையா இரிக்கி. இந்தச் சேத்தாட்டுக் குட்டிய ஆரு நேர்ச்சைக்குக் குடுக்கிற?"

அந்த வார்த்தைக்காகவே கயிற்றை அவிழ்த்தேன். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, ஆட்டோடு வெறும் வீதியில் நடந்தேன். சாய்ந்தமருதைத் தாண்டும் மட்டும் வேலிக்குள் இருந்து பெண்கள், "எங்ககா போறாய், பைத்தியமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கு அப்பால் கேட்க யாரும் இல்லை. அதிரடிப்படைக் காவலரணில் இருந்த பெடியன் துவக்கைத் தூக்கினான். எனக்குச் சிங்களம் நாலு சொல் தெரியும், பயத்தில் அதுவும் போய்விட்டது. அவன் ஏதோ கேட்டான். நான் ஆட்டைக் காட்டினேன். அவன் ஆட்டின் வயிற்றைத் தடவிப் பார்த்தான், கயிற்றைப் பார்த்தான், ஆட்டுத் தீனிக்கு நான் கொண்டுபோன இலைக் குழைக் கட்டை அவிழ்க்கச் சொன்னான். குழை வீதியில் கொட்டியது. ஆடு அதைத் தின்னவும் இல்லை, வாலை ஆட்டிக்கொண்டு அவன் முகத்துக்கு நேரே கத்தியது. உள்ளே இருந்து இன்னொருவன் எட்டிப் பார்த்து என்னவோ சொல்ல, இருவரும் சிரித்துவிட்டார்கள். அவர்களும் ஆடு மாடு உள்ள ஊர்ப் பெடியன்களாய் இருக்க வேண்டும். போ என்று கையைக் காட்டினான். சிந்திய குழையைப் பொறுக்காமலே காரைதீவு வரைக்கும் நடந்தேன்.

அந்த அக்கா கதவைத் திறந்து என்னைக் கண்டதும் நெஞ்சில் கை வைத்தா. "கடவுளே, இண்டைக்கா வந்தனீ?"

"ஹர்த்தால் எண்டு ஆட்டுக்குத் தெரியுமா அக்கா?"

வேலை முடிந்ததும் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். கொஞ்ச காலத்துக்குப் பிறகு அவவுடைய மகன் காணாமல் போனான். ஆடுகளை விற்றுவிட்டு எங்கேயோ சொந்தக்காரரிடம் போய்விட்டா. அந்தக் கிடாயும் யாருடைய சட்டிக்குப் போனதோ. அதன் பிறகு அந்தச் சாதிக் கால் அந்தப் பக்கத்தில் எங்கும் எனக்குத் தென்படவில்லை.

அந்த மாரியில் வளவில் இரண்டு கிடாய்க்குட்டிகள் பிறந்தன. முதலில் வெள்ளையாட்டுக்கு ஒன்று, தாயை உரித்து வைத்த நிறம். பிறகு என் ஆட்டுக்கு ஒன்று, மழையில் நனைந்த மண் மாதிரி. என்னுடையது பிறந்து கொஞ்ச நேரத்தில் எழும்பி நின்றது. வெள்ளையை இவர்தான் பிடித்துப் பிடித்து நிறுத்தினார். ஊரில் இருந்து வந்து பார்க்காதவர்கள் இல்லை. "மாஷா அல்லாஹ், கண்ணுக்கு மை போட்ட மாதிரி" என்று ஒருவர். "நேர்ச்சைக்கெண்டே அல்லாஹ் அனுப்பினது" என்று இன்னொருவர். மண்ணிறக் குட்டி அவர்களுடைய கால்களுக்கு நடுவே துள்ளித் திரிந்தது. அதை ஒருவர் செருப்பால் ஒதுக்கிவிட்டு வெள்ளையிடம் போனார். அவருக்குத் தேத்தண்ணி கொடுக்கும்போது நான் சீனி போடவில்லை.

பேச்சு இப்படி முடிந்தது: வெள்ளை நேர்ச்சைக்கு, மண்ணிறம் எனக்கு. அதை நான் என் ஆடுகளுக்குக் கிடாயாக வளர்த்தேன், கால் முற்றும் மட்டும் பெட்டைகளோடு சேர விடாமல். அதற்குள் என்னிடம் பெட்டைகள் ஆறு இருந்தன, எல்லாம் அந்தச் சேற்று நிறத்தாட்டின் வழி வந்தவை. தாய் வழிக் காலும் காரைதீவுக் காலும் சேர்ந்த ஒரே உடம்பு அது. அதை வைத்து இன்னும் ஐந்தாறு ஈற்றில் ஒரு பட்டியே உண்டாக்கலாம் என்று நான் கனவு கண்டேன். இழந்த வீட்டைத் திருப்பி எடுக்க முடியாது, உம்மாவையும் முடியாது. இது ஒன்றை என் கையால் ஆக்க முடியும் என்று இருந்தது. யாருக்கும் அதைச் சொல்லவில்லை. சொன்னால் ஆட்டுக்காரிக்கு வந்த பெருமையைப் பார் என்பார்கள்.

யுத்தம் முடிந்தது என்று பஜாரில் வெடி கொளுத்தினார்கள். இனிப் பயமில்லாமல் போய் வரலாம் என்றார்கள். எனக்குக் காரைதீவு அக்காவின் மகன்தான் நினைவுக்கு வந்தான். அதற்குப் பிறகு சில மாதத்தில் மகளுக்குக் காய்ச்சல் வந்தது, விட்டுவிட்டு வருகிற காய்ச்சல். ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள், திரும்பத் திரும்ப எடுத்தார்கள். இவர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் இருந்தார்.

"நேர்ச்சைய இழுத்துட்டன்" என்றார். "அதுதான்."

"அல்லாஹ் என்ன வட்டிக்காரனா, வாசல்ல வந்து பிள்ளையப் பிடிக்கிறதுக்கு?" என்று எரிந்து விழுந்தேன். வாயால் அப்படிச் சொன்னேன். உள்ளுக்குள் எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. படித்த மனம் வேறு, பெற்ற வயிறு வேறு. காய்ச்சல் விட்டு அவளை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று இவர் முடிவாகச் சொன்னார், இந்த ஹஜ்ஜுப் பெருநாள், இதற்கு மேல் ஒருநாளும் தள்ளமாட்டேன் என்று. வெள்ளைக் கிடாய்க்கும் அதற்குள் இரண்டு வயது நிறைந்திருந்தது.

அன்றில் இருந்து வெள்ளைக்குத் தவிடும் பிண்ணாக்கும் விழத் தொடங்கின. நேர்ச்சைக் கிடாய் கொழுத்திருக்க வேண்டும் என்பது இவருடைய எண்ணம். அந்தக் கால்கள் இருக்கிற பாரத்தையே சுமக்க முடியாமல் நின்றன. "தீனியக் குறைங்க, கால் தாங்காது" என்றேன். "உனக்கு எண்ட கிடாயில பொறாமை" என்றார். மாரி மழையும் பிடித்தது. வளவெல்லாம் சேறு. வெள்ளை படுத்தால் எழும்ப யோசித்தது. எழும்பினால் பின்னங்கால் இரண்டையும் இழுத்து இழுத்து வைத்தது.

பெருநாளுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது அது ஒரு காலைத் தரையில் ஊன்ற மறுத்தது. அன்று காலையில் அதைப் பார்த்தவுடன் முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். நான் சொன்னேனே என்ற சந்தோஷம், எத்தனை வருடத்துச் சந்தோஷம். இவரைக் கூப்பிட்டுக் காட்ட வாயைத் திறந்தவள் அப்படியே நின்றேன். வளவில் பிறந்த கிடாய். இரண்டு வயது நிறைந்தது. நொண்டி இல்லாதது. அப்படி இந்த வளவில் இன்னும் ஒன்றுதான் இருந்தது. கொட்டிலுக்குப் பின்னால் நான்கு காலையும் ஊன்றி நின்று பலாக்குழை தின்றுகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நான் செய்ததை நினைத்தால் எனக்கே சிரிப்பு வரும், அப்போது வரவில்லை. வெள்ளையின் காலுக்கு நல்லெண்ணெயைச் சுட வைத்துத் தேய்த்தேன். சேறு படாமல் இருக்கப் பலகை போட்டு, அதன் மேல் வைக்கோல் போட்டு, என் பிள்ளையைத் தாங்குவதுபோல் தாங்கி எழுப்பினேன். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும், யா அல்லாஹ், இந்த வெள்ளைக்குக் காலைக் கொடு என்று கேட்டேன். எந்தக் காலை நான் இத்தனை வருடம் பழித்தேனோ அந்தக் காலுக்காகக் கையேந்தினேன். இவர் அதைப் பார்த்துவிட்டு எண்ணெய்ப் போத்தலை நிரப்பி வைத்தார். அவருக்கும் விளங்கியிருந்தது. சோறு போட்டேன், தின்றார், எழும்பிப் போனார்.

பெருநாளுக்கு முதல் நாள் அவர்தான் மௌலவியைக் கூட்டி வந்தார். இளம் வயது மௌலவி, மோட்டார் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டுச் சாரனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றுக்குள் வந்தார். வெள்ளையைப் பார்த்ததும், "நல்ல நிறம்" என்றார். இவருடைய முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது.

"நடக்க விடுங்க பாப்பம்."

இவர் கயிற்றைப் பிடித்து இழுத்தார். வெள்ளை ஓரடி வைத்தது, இரண்டாவது அடியும் வைத்தது. பிறகு பின்னங்கால் மடிந்தது, இடுப்பு தரையில் விழுந்தது. இவர் தூக்கிவிட்டார். திரும்பவும் விழுந்தது.

மௌலவி தலையை ஆட்டினார். "கூடா. நொண்டி வெளிப்படையாத் தெரியுது. நேர்ச்சை இதால நிறைவேறாது." வளவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வளவுல பிறந்த வேற கிடாய் இரிக்கா?" என்று கேட்டார்.

இவர் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஒண்டு இரிக்கி" என்றார். "அது இவட ஆடு. அத நான் கேக்க மாட்டன், மௌலவி."

மௌலவி என் பக்கம் திரும்பாமலே, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அப்ப அவங்க மனம் பொருந்தித் தந்தாத்தான் எடுக்கலாம். மனமில்லாமத் தந்தா வேணா. அடுத்த ஹஜ்ஜுக்கு வேற கிடாய் வளந்துரும், அதக் குடுங்க. பாதகமில்ல."

வழியும் சொல்லிவிட்டார், பாதகமில்லை என்றும் சொல்லிவிட்டார். அடுத்த வருடம் என்ற சொல் என் நாக்கின் நுனியில் வந்து நின்றது. அதைச் சொல்லியிருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்த மனிதன் கேட்கமாட்டேன் என்று சொன்னது என்னை என்னவோ செய்துவிட்டது. இத்தனை வருடம் என் ஆட்டைச் சேத்தாடு என்று சொன்ன வாய், அதைக் கேட்க உரிமை இருப்பதாகக்கூட நினைக்கவில்லை. இன்னும் ஒரு வருடம் இந்த முகத்தோடு, மகளுக்குத் தும்மல் வந்தாலும் கலங்குகிற இந்த முகத்தோடு இவர் இருக்க வேண்டும். நானும் இருக்க வேண்டும். பொய் சொல்லக் கூடாது, நானும்தான் கலங்கினேன்.

நான் கொட்டிலுக்குப் பின்னால் போனேன். கிடாய் என்னைக் கண்டதும் குழையை விட்டுவிட்டு வந்தது, அதற்குக் கயிறு தேவையில்லை. முன்னால் கொண்டு வந்து நிறுத்தினேன்.

மௌலவி வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார். பிறகு, "நடக்க விடுங்க" என்றார். நான் நடந்தேன், அது என் பின்னால் நடந்தது. சேற்றில் ஒரு கால் வழுக்கவில்லை. வேலி மட்டும் போய்த் திரும்பி வந்தோம். மௌலவி பின்னால் போய்க் குனிந்து நின்று பார்த்தார். நான் ஆடு பார்க்கிற மாதிரியே பார்த்தார்.

"கால் நல்ல கால்" என்றார். "குறை எண்டு சொல்ல ஒண்டும் இல்ல."

பிறந்த நாளில் இருந்து அந்தக் கிடாயின் காலை என்னைத் தவிர யாராவது புகழ்ந்தது அது ஒருதரம்தான். நிமிர்ந்து நின்று, "மனம் பொருந்தித் தாறன்" என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது, சண்டைக்குப் போகிறவள் சொல்வது மாதிரி. மௌலவி பயந்துபோய், "செரி, செரி" என்றார்.

பெருநாள் தொழுகை முடிந்து அறுக்க வந்தபோது கிடாய் இவருடைய இழுப்புக்கு வரவில்லை. நான்தான் வேலியோரம் வரைக்கும் கூட்டிப்போனேன். அதைச் சரித்துப் படுக்க வைக்க மூன்று ஆண்கள் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டுக் கொட்டிலுக்குள் போய் அடுப்பு மூட்டினேன். அது அதுவரைக்கும் ஒரே ஒரு பெட்டையோடுதான் சேர்ந்திருந்தது, அந்தப் பெட்டையும் சினைப்படவில்லை என்று பிறகு தெரிந்தது. அதோடு நான் நினைத்த பட்டி போய்விட்டது. மற்றக் கிடாய்களை விட்டு ஆடுகளைப் பெருக்கினேன், பால் குடித்தோம், விற்றோம். அந்தக் கால் வரவில்லை.

இறைச்சி எல்லாம் ஒழுங்கை ஒழுங்கையாகப் போனது. தலை, குடல் எல்லாமே போனது. அன்று பகல் ஊர் முழுக்கக் கறி மணம். எங்கள் வளவில் பருப்பும் சோறும், ஒரு முட்டை பொரித்திருந்தேன். நேர்ச்சையைப் பற்றித் தெரிந்த அக்கம்பக்கத்தவர்கள் எங்களுக்குத் தங்கள் குர்பான் இறைச்சியை அனுப்புவார்கள்தான், ஆனால் அது பொழுது சாயத்தான் வரும். இவர் சோற்றைப் பிசைந்துகொண்டு இருந்தார், வாயில் வைக்கவில்லை.

மகள் சோற்றுக் கோப்பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். காய்ச்சலில் வற்றிய கன்னம் அப்போதுதான் கொஞ்சம் நிறைந்து வந்திருந்தது. "உம்மா, எங்கட ஆடுதானே. எல்லாருக்கும் குடுத்தோம். நம்மட பங்கு எங்க?"

இவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் அவளுடைய சோற்றில் இன்னும் ஒரு அகப்பை பருப்பை ஊற்றினேன்.

"நம்மட பங்கு நீதான்" என்றேன். "கதைக்காமத் தின்னு."